ஊசி போட்டால்தான் பள்ளியா? கலிஃபோர்னியாவின் கட்டாயத் தடுப்பூசிச் சட்டமும் பெற்றோரின் மனமும்

கேள்வி: நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து ஃப்ரீமான்ட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. மகனுக்கு ஐந்து வயது, ஆகஸ்டில் கிண்டர்கார்டன். ஊரில் எல்லா ஊசியும் போட்டிருக்கிறோம். அந்த அட்டையைக் கொடுத்தும் பள்ளி அலுவலகத்தில் “இது போதாது” என்கிறார்கள். எங்கள் அபார்ட்மென்ட்டில் இருக்கும் இன்னொரு தமிழ் அம்மா, “குழந்தை நம்முடையது, ஊசி போட்டால்தான் பள்ளி என்று சொல்ல அரசாங்கம் யார்? ஊரில்கூட இப்படிக் கட்டாயம் இல்லையே” என்கிறார். இங்கே இத்தனை பெற்றோர் ஏன் எதிர்க்கிறார்கள்? இந்தக் கட்டாயம் நியாயம்தானா?

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம் வழக்கமாகச் சொல்லப்படுவது இல்லை. கட்டாயச் சட்டம் என்றதும், ஊசியே வேண்டாம் என்று பிடிவாதமாக நிற்கும் பெற்றோரை வழிக்குக் கொண்டுவரத்தான் அது வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். பள்ளிகளின் தடுப்பூசிப் பதிவுகளோடு பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிடிவாதமாக இருந்தவர்களை இந்தச் சட்டம் பெரிதாக அசைக்கவில்லை. ஊசிமேல் எந்த வெறுப்பும் இல்லாமல், சும்மா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த ஆயிரக்கணக்கான சாதாரணக் குடும்பங்களைத்தான் அது நகர்த்தியது. இதைப் புரிந்துகொண்டால் உங்கள் தோழியிடம் பேசும் விதமும் கொஞ்சம் மாறும்.

அவர் சொன்னதில் ஒரு பாதி சரி. இந்தியாவில் பள்ளியில் சேர்க்கத் தடுப்பூசி கட்டாயம் என்று நாடு முழுவதற்குமான சட்டம் கிடையாது. 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், பள்ளிகளில் நடக்கவிருந்த தட்டம்மை-ரூபெல்லா முகாமைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2017 பிப்ரவரியில், தமிழ்நாட்டில் அதே ஊசி முகாம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். 9 மாதம் முதல் 15 வயது வரை, சுமார் 1.76 கோடிப் பிள்ளைகள் என்று இலக்கு வைத்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியதும் பல பெற்றோர் தயங்கினார்கள். பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. எனவே தயக்கம் என்பது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய நோய் இல்லை.

ஆனால் மறுபாதியை உங்கள் தோழி மறந்துவிட்டார். ஊரில் ஒரு குழந்தைக்கு ஊசி விட்டுப்போனால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் அந்தக் குழந்தையின் பெயர் இருக்கும். புதன்கிழமை ஊசி நாளன்று வரவில்லை என்றால் வீட்டு வாசலுக்கே வந்து “ஏம்மா, பாப்பாவைத் தூக்கிட்டு வரலை?” என்று கேட்பார். அங்கன்வாடியில் கேட்பார்கள். போலியோ சொட்டு மருந்து நாளில் பேருந்து நிலையத்தில்கூட ஆள் நிற்கும். இங்கே யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். இன்சூரன்ஸ், அப்பாயின்ட்மென்ட், அலுவலகத்தில் லீவு எல்லாவற்றையும் பெற்றோரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ஊரின் எல்லாப் பிள்ளைகளும் தவறாமல் வந்து சேரும் இடம் என்று இங்கே இருப்பது டேகேர் வாசலும் பள்ளி வாசலும்தான். அதனால்தான் சோதனையை அங்கே வைத்திருக்கிறார்கள். ஊரில் செவிலியர் செய்யும் வேலையை இங்கே ஒரு சட்டம் செய்கிறது. இரண்டில் எது மனிதத்தன்மையானது என்று கேட்டால் செவிலியர்தான் என்பேன். ஆனால் அப்படி ஒரு அமைப்பை அமெரிக்கா கட்டிவைக்கவில்லை.

சரி, கலிஃபோர்னியாவின் கதைக்கு வருவோம். பள்ளிக்குத் தடுப்பூசி வேண்டும் என்ற விதி இங்கே பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது. அதோடு ஒரு வாசலும் திறந்திருந்தது. “ஊசி எங்கள் நம்பிக்கைக்கு எதிரானது” என்று பெற்றோர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். இதைச் சொந்த நம்பிக்கை விலக்கு என்று சொல்லலாம். இதில் எனக்கு எப்போதும் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. ஐந்து ஊசிகளின் தேதியைத் தேடிப் பிடித்து எழுதுவதைவிட அந்த ஒரு கையெழுத்து சுலபமாக இருந்தது. பள்ளி தொடங்கும் நாளன்று அட்டையைத் தொலைத்துவிட்ட அம்மா, எந்த நம்பிக்கையும் இல்லாமலேயே நம்பிக்கை விலக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்.

2010இல் கலிஃபோர்னியாவில் கக்குவான் இருமல் பரவி 9,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 10 கைக்குழந்தைகள் இறந்தன. அதற்கப்புறம் ஏழாம் வகுப்புக்குள் வரும் பிள்ளைகளுக்குக் கக்குவான் ஊக்க ஊசி கட்டாயமானது. 2012இல் இன்னொரு சட்டம் நிறைவேறி 2014இல் அமலுக்கு வந்தது: நம்பிக்கை விலக்கு வேண்டுமானால், மருத்துவரோ செவிலியரோ நன்மை தீமைகளை எடுத்துச் சொன்னதாக ஒரு கையெழுத்து வாங்கி வர வேண்டும். 2013–14 கல்வி ஆண்டில் கிண்டர்கார்டன் பிள்ளைகளில் 3.15 சதவீதம் பேர் நம்பிக்கை விலக்கோடு இருந்தார்கள்; புது விதிக்குப் பிறகு அடுத்த ஆண்டே அது 2.54 ஆக இறங்கியது. ஒரு மருத்துவரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று ஆனதுமே ஐந்தில் ஒரு பங்கு மறைந்துவிட்டது, பாருங்கள்.

அப்புறம் 2014 டிசம்பரில் டிஸ்னிலேண்ட். அங்கே தொடங்கிய தட்டம்மை, கலிஃபோர்னியாவில் மட்டும் 131 பேரைத் தொட்டது. முதலில் ஆராயப்பட்ட 110 பேரில் 49 பேர் ஊசி போடாதவர்கள். அந்த 49 பேரில் 12 பேர் ஊசி போடும் வயதே ஆகாத கைக்குழந்தைகள். மாநிலமே கொதித்தது. மரின் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல) ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து மீண்டுகொண்டிருந்த ஒரு சின்னப் பையனின் அப்பா, “என் மகனுக்கு ஊசி போட முடியாது, போடாத பிள்ளைகளை அவன் பள்ளியில் விடாதீர்கள்” என்று வெளிப்படையாகக் கேட்டார். கட்டாயத்துக்கு எதிராகக் குரல் கொடுத்த பெற்றோரை எல்லோரும் பேசுகிறோம். கட்டாயம் வேண்டும் என்று கேட்டதும் பெற்றோர்தான் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குழந்தை மருத்துவரான மாநில செனட்டர் ரிச்சர்ட் பேனும், இன்னொரு செனட்டர் பென் ஆலனும் எஸ்.பி. 277 என்ற மசோதாவைக் கொண்டுவந்தார்கள். மத நம்பிக்கை உட்பட எல்லா நம்பிக்கை விலக்கையும் அது எடுத்துவிட்டது. மருத்துவக் காரணம் மட்டும்தான் மிச்சம். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் விசாரணை நடந்த நாட்களில் நூற்றுக்கணக்கான பெற்றோர் பிள்ளைகளோடு வந்து வரிசையில் நின்று எதிர்ப்புச் சொன்னார்கள். 2015 ஜூன் 30 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். 2016 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. டேகேர், பிரீஸ்கூல், அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கும், வகுப்பறைக்கு வராமல் தனிப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்கும் மட்டும் பொருந்தாது. சிறப்புக் கல்வித் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சேவைகளை இந்தச் சட்டத்தைக் காட்டி மறுக்கவும் முடியாது.

இனி, எதிர்க்கும் பெற்றோர் யார்? ஒரே கூட்டம் என்று நினைத்தால் எதுவும் புரியாது.

சிலருக்கு இது உரிமைப் பிரச்சினை. அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளுக்கு எல்லா ஊசியும் போட்டவர்கள். ஊசி நல்லதுதான், ஆனால் அதைச் சொல்லும் இடம் மருத்துவரின் அறை, சட்டமன்றம் அல்ல என்பது அவர்கள் வாதம். கலிஃபோர்னியாவின் அரசியல் சாசனமே பிள்ளைகளுக்குக் கல்வி உரிமை தருகிறது, அதை ஊசியோடு முடிச்சுப் போடலாமா என்று கேட்டார்கள். இது அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. பின்னால் வருகிறேன்.

இன்னும் சிலர் இயற்கை வாழ்வில் பற்று உள்ளவர்கள். வால்டார்ஃப் என்ற மாற்றுக் கல்வி முறைப் பள்ளிகள் சிலவற்றில் நம்பிக்கை விலக்கு மிக அதிகமாக இருந்தது. கலிஃபோர்னியாவிலேயே சியரா மலையடிவாரத்தில் இருக்கும் நெவாடா கவுண்டியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு கிண்டர்கார்டன் பிள்ளை விலக்கோடு இருந்தது. இவர்கள் படிக்காதவர்களோ ஏழைகளோ அல்ல. நல்ல வருமானம், நல்ல படிப்பு, லேபிளைப் படித்துப் பார்த்துச் சாப்பாடு வாங்கும் பழக்கம். உடம்பில் எது போகிறது என்று கவனிப்பதே நல்ல பெற்றோரின் அடையாளம் என்று நம்பும் உலகத்தில் ஊசியும் ஒரு சந்தேகப் பொருளாகிவிடுகிறது.

மூன்றாவது வகைப் பெற்றோர்தான் எனக்கு எப்போதும் மனதில் நிற்பவர்கள். தங்கள் குழந்தைக்கு ஏதோ நேர்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். ஆட்டிசத்தின் அறிகுறிகள் பொதுவாக ஒன்றரை வயதை ஒட்டித்தான் பெற்றோர் கண்ணில் படுகின்றன. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசியின் முதல் டோஸ் இங்கே 12 முதல் 15 மாதத்தில். பேச ஆரம்பித்த குழந்தை பேச்சை நிறுத்திவிட்டது என்றால் அம்மா கடந்த சில வாரங்களைத் திரும்பத் திரும்ப யோசிப்பார். அங்கே ஒரு ஊசி இருக்கும். 1998இல் லான்செட் மருத்துவ இதழில், எம்.எம்.ஆருக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை வெளிவந்தபோது அந்தத் தாய்மார்களின் சந்தேகத்துக்கு ஒரு விஞ்ஞான முத்திரை கிடைத்துவிட்டது. அது வெறும் 12 பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை. 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனில் அவருடைய மருத்துவப் பதிவையும் நீக்கினார்கள். 2019இல் டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து, எம்.எம்.ஆர். போட்டவர்களுக்கு ஆட்டிச வாய்ப்பு கூடவில்லை என்று காட்டினார்கள். விஞ்ஞானம் தன் பதிலைச் சொல்லிவிட்டது. ஆனால் அந்த அம்மாவிடம் டென்மார்க் எண்ணைச் சொல்லி வாயை அடைப்பதால் எந்தப் பயனும் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது, தன் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று உட்கார்ந்து கேட்கும் ஒருவர். மருத்துவரின் பத்து நிமிட அப்பாயின்ட்மென்ட்டில் அது கிடைக்காதபோது, கேட்கத் தயாராக இருந்தவர்களிடம் அவர் போனார்.

ஊசிக்குப் பக்க விளைவே இல்லை என்று சொல்வதும் தவறு. அப்படிச் சொல்லித்தான் நம்பிக்கையைக் கெடுக்கிறோம். எம்.எம்.ஆர். போட்டபின் காய்ச்சலோடு வலிப்பு வருவது 3,000 முதல் 4,000 டோஸில் ஒன்று என்ற அளவில் இருக்கிறது. பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் நீடித்த பாதிப்பு எதுவும் விடாமல் போய்விடும். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பத்து லட்சம் டோஸில் ஒன்றையொட்டி. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க அமெரிக்காவில் 1986இல் போட்ட சட்டப்படி தனித் திட்டமே நடக்கிறது. எதிர்ப்பாளர்கள் அதையே சான்றாகக் காட்டுவார்கள்: “ஆபத்து இல்லையென்றால் இழப்பீடு எதற்கு, கம்பெனிமேல் நேரடியாக ஏன் வழக்குப் போட முடியவில்லை?” என்று. கட்டாயப்படுத்தும் அரசு, அரிதாகப் பாதிக்கப்படும் குழந்தையின் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அந்த வகையில் இழப்பீட்டுத் திட்டம் இருப்பது எனக்கு நேர்மையான ஏற்பாடாகத்தான் தெரிகிறது.

ஒத்திப்போடும் பெற்றோரும் உண்டு. “ஒரே நாளில் நாலு ஊசியா? ஒன்றொன்றாகப் போடலாமே” என்பார்கள். நம் வீடுகளிலும் இதைக் கேட்டிருப்பீர்கள், குறிப்பாகப் பாட்டிகளிடம். பாசத்திலிருந்து வரும் பேச்சுதான். ஆனால் பிரித்துப் போடுவதால் குழந்தைக்குப் பாதுகாப்பு கூடுவதில்லை. பாதுகாப்பு இல்லாத மாதங்கள்தான் கூடுகின்றன.

இத்தனை பேரையும் சேர்த்தாலும், உச்சத்தில் இருந்தபோதுகூட, நம்பிக்கை விலக்கு 3 சதவீதத்தைத்தான் ஒட்டி இருந்தது. இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். 2014–15இல் கலிஃபோர்னியாவின் கிண்டர்கார்டன் பிள்ளைகளில் 90.4 சதவீதம் பேர்தான் எல்லா ஊசிகளையும் முடித்திருந்தார்கள். மீதி 9.6 சதவீதத்தில் நம்பிக்கை விலக்கு இரண்டரை. மருத்துவ விலக்கு 0.2. அப்படியானால் மீதிப் பேர் யார்? 6.9 சதவீதம் பேர் நிபந்தனைச் சேர்க்கை. அதாவது, சில ஊசிகள் போட்டாயிற்று, மிச்சத்தை அப்புறம் போட்டுக்கொள்கிறோம் என்ற வாக்கில் சேர்ந்தவர்கள். அடுத்த டோஸுக்கு நாள் வராதவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. நடைமுறையில் நாள் கடந்து போனவர்களையும் பள்ளிகள் சேர்த்துக்கொண்டன. அப்புறம் யாரும் பின்தொடரவில்லை. இரண்டு வேலை பார்க்கும் அம்மா, வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பம், இன்சூரன்ஸ் பாதியில் நின்றுபோனவர்கள். தொலைபேசியில் கூப்பிட்டால் “ஐயோ, இன்னும் போடலையா?” என்று அவர்களே பதறுவார்கள்.

சட்டமும் அதோடு சேர்ந்து பள்ளிகளுக்குக் கொடுத்த பயிற்சியும் வந்தபின், 2016–17இல் நிபந்தனைச் சேர்க்கை 1.9 சதவீதமாக இறங்கியது. எல்லா ஊசியும் முடித்தவர்கள் 95.6 சதவீதமாக ஏறினார்கள். நம்பிக்கை விலக்கு குறைந்ததும் உதவியது என்றாலும், அந்த ஐந்து சதவீத ஏற்றத்தின் பெரும்பங்கு இந்தத் தள்ளிப்போட்ட குடும்பங்களிடமிருந்து வந்தது. தட்டம்மைக்கு 95 சதவீதம் என்பது முக்கியமான கோடு. நோயாளி எழுந்து போனபின்னும் இரண்டு மணி நேரம் வரை அறையின் காற்றில் தங்கும் கிருமி அது; எதிர்ப்பு சக்தி இல்லாத பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும்.

பிடிவாதமாக இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? வேறு வாசலைக் கண்டுபிடித்தார்கள். மருத்துவ விலக்கு 0.2இல் இருந்து 0.5, 0.7, 2018–19இல் 0.9 சதவீதம் என்று வருடா வருடம் ஏறியது. முன்பு எந்தக் கவுண்டிகளில் நம்பிக்கை விலக்கு அதிகமோ அங்கேதான் மருத்துவ விலக்கும் அதிகமாக ஏறியது. காசு வாங்கிக்கொண்டு விலக்கு எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் சிலர் முளைத்தார்கள். சிலர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்து வீட்டில் படிக்கவைத்தார்கள். அதனால் 2019இல் ஆளுநர் கேவின் நியூசம் எஸ்.பி. 276இல் கையெழுத்திட்டார்: ஒரு மருத்துவர் ஒரு வருடத்தில் ஐந்தோ அதற்கு மேலோ விலக்குகள் கொடுத்தாலோ, பள்ளியின் ஊசி விகிதம் 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, மாநில சுகாதாரத் துறை அந்த விலக்குகளைச் சரிபார்க்கும். அந்த விவாதத்தின்போது செனட்டர் ரிச்சர்ட் பேனை ஒருவர் தெருவில் தள்ளிவிட்டார். செனட் அவையில் ஒருவர் மேலிருந்து ரத்தத்தை வீசினார். ஒரு குழந்தை மருத்துவர் ஊசியைப் பற்றிப் பேசியதற்கு இது நடந்தது என்பதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

டேகேர் விஷயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் மிக ஆபத்தில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இங்கே வழக்கமாக எம்.எம்.ஆர். கிடையாது. அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு என்பது சுற்றி இருப்பவர்கள் போட்ட ஊசிதான். 2015 பிப்ரவரியில் சான்டா மோனிகாவில் ஒரு டேகேரில் ஒரு கைக்குழந்தைக்குத் தட்டம்மை வந்தது. கூட இருந்த 14 குழந்தைகளை 21 நாள் வீட்டில் தனிமைப்படுத்தச் சொன்னார்கள். அந்தப் பெற்றோர் யாருக்கும் மூன்று வாரம் லீவு எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கும் சுதந்திரம் இருக்கவில்லை. கலிஃபோர்னியாவில் வந்த தட்டம்மைகளை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். ஓராண்டு நிறையும் முன் தட்டம்மை வந்த குழந்தைகளில் 609 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், நோய் குணமாகிப் பல வருடம் கழித்து மூளையைத் தாக்கும் ஒரு கொடிய நோய் வந்திருக்கிறது. எஸ்.எஸ்.பி.இ. என்று அதற்குப் பெயர். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. இதைப் படித்தபின் “தட்டம்மை எல்லாருக்கும் வந்து போறதுதானே” என்ற பேச்சை என்னால் பொறுமையாகக் கேட்க முடிவதில்லை.

எஸ்.பி. 277 வந்த அதே 2015இல் எஸ்.பி. 792 என்ற சட்டமும் வந்தது. 2016 செப்டம்பர் 1 முதல் டேகேரில் வேலை செய்பவர்களும் தட்டம்மை, கக்குவான் ஊசிகள் போட்டிருக்க வேண்டும். ஃப்ளூ ஊசியை மட்டும் எழுதிக் கொடுத்து மறுக்கலாம். இதைப் பற்றிப் பெற்றோர் யாரும் சண்டை போட்டதாக எனக்குத் தெரிந்து இல்லை. அடுத்தவர் ஊசி போட வேண்டும் என்பதில் எல்லோரும் சுலபமாக ஒத்துப்போகிறோம்.

இப்போது நியாயம் பற்றி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905இல் ஜேகப்சன் வழக்கில், பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. 1922இல், டெக்சாஸின் சான் அன்டோனியோவிலிருந்து வந்த ஸுக்ட் வழக்கில், ஊசி போடாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கலாம் என்றது. எஸ்.பி. 277க்கு எதிரான வழக்குகளும் நிற்கவில்லை. சட்டப்படி கேள்வி முடிந்துவிட்டது. ஆனால் என் மனதில் ஒரு உறுத்தல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. தீர்மானம் எடுப்பவர் பெற்றோர். வகுப்பறையை இழப்பது குழந்தை. நண்பர்கள் இல்லாமல் வீட்டில் அடைபடும் அந்தப் பிள்ளை எந்தத் தப்பும் செய்யவில்லை. இதை ஒரு தராசில் வைத்துப் பார்த்தால் மறு தட்டில் அந்த மரின் கவுண்டிப் பையனும் சான்டா மோனிகாக் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு பள்ளி, வேறு காற்று என்று எதையும் தேர்ந்தெடுக்கும் வழியே இல்லை. ஊசி போடாத பெற்றோருக்கு ஒரு வழியாவது இருக்கிறது. அதனால்தான் நான் சட்டத்தின் பக்கம் நிற்கிறேன்.

இப்படி இறுக்கமான சட்டம் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதும் கண்முன் இருக்கிறது. டெக்சாஸில் மனசாட்சி விலக்கு சுலபமாகக் கிடைக்கும். கெய்ன்ஸ் கவுண்டியில் ஏறக்குறைய 18 சதவீதக் கிண்டர்கார்டன் பிள்ளைகள் விலக்கோடு இருந்தார்கள். 2025இல் அங்கே பரவிய தட்டம்மை மாநிலத்தில் 762 பேரைப் பிடித்தது. ஊசி போடாத, பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவர் இறந்தார்கள். ஆனாலும் நாட்டின் மனநிலை எதிர்த்திசையில் போகிறது. ப்யூ ஆய்வு மையத்தின் கருத்துக்கணிப்பில், பள்ளிக்கு எம்.எம்.ஆர். கட்டாயம் வேண்டும் என்றவர்கள் 2019இல் 82 சதவீதம், 2023இல் 70. கோவிட் காலத்துக் கோபம் எல்லா ஊசிமேலும் வழிந்துவிட்டது. 2025 செப்டம்பரில் ஃப்ளோரிடாவின் தலைமைச் சுகாதார அதிகாரி, எல்லாத் தடுப்பூசிக் கட்டாயங்களையும் ஒழிக்கப்போவதாக அறிவித்தார்.

உங்கள் தோழிக்கு வருகிறேன். அவரை எதிர்ப்பாளர் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். மினசோட்டாவில் சோமாலிக் குடும்பங்களுக்கு நடந்ததை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். 2004இல் அங்கே இரண்டு வயது சோமாலிக் குழந்தைகளில் 92 சதவீதம் பேர் எம்.எம்.ஆர். போட்டிருந்தார்கள். தங்கள் பிள்ளைகளில் ஆட்டிசம் அதிகம் என்ற கவலை அந்தச் சமூகத்தில் எழுந்தது. சரியான பதில் சொல்ல யாரும் வரவில்லை, வேக்ஃபீல்டும் அவர் பக்கத்தவர்களும் வந்தார்கள். 2014இல் 42 சதவீதம். 2017இல் தட்டம்மை பரவி எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது, பெரும்பாலும் சோமாலிக் குழந்தைகள். நம்மைப் போலவே புலம்பெயர்ந்து வந்து, ஒருவரையொருவர் நம்பி, ஒரே இடத்தில் கூடி வாழும் மக்கள் அவர்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களும் அப்படித்தான் இயங்குகின்றன. உங்கள் தோழி உண்மையில் எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். அரசாங்கத்துக்கா, ஊசிக்கா, யாரோ சொன்ன ஒரு குழந்தையின் கதைக்கா? மூன்றுக்கும் பதில் வேறு. ஊசிக்கு என்றால், நம்பகமான ஒரு குழந்தை மருத்துவரிடம் அவரோடு நீங்களும் கூடப் போகலாம்.

கடைசியாக உங்கள் மகனின் அட்டை. பள்ளி உங்களைச் சந்தேகப்படவில்லை. இரண்டு நாடுகளின் அட்டவணை பொருந்தவில்லை, அவ்வளவுதான். கிண்டர்கார்டனுக்குக் கேட்பது: கக்குவான்-தொண்டை அடைப்பான்-ரணஜன்னி ஊசி 5 டோஸ் (நான்காவது பிறந்தநாளிலோ அதன் பின்னோ ஒன்று போட்டிருந்தால் 4 போதும்), போலியோ 4 (அதே நிபந்தனையில் 3), ஹெபடைடிஸ் பி 3, எம்.எம்.ஆர். 2, சின்னம்மை 2. பெரும்பாலும் சிக்குவது மூன்று இடங்களில். ஊரில் 9 மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசி இங்கே கணக்கில் வராது. இரண்டு டோஸும் முதல் பிறந்தநாளுக்குப் பின் இருக்க வேண்டும். அரசு மையத்தில் போட்டிருந்தால் அது தட்டம்மை-ரூபெல்லா மட்டும், பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து அதில் இல்லை. 2016 ஏப்ரலுக்குப் பின் கொடுத்த போலியோ சொட்டு மருந்தையும் இங்கே எண்ண மாட்டார்கள், ஊசியாகப் போட்டதைத்தான் பார்ப்பார்கள். சின்னம்மை ஊசி நம் அரசு அட்டவணையிலேயே இல்லை. தனியாரிடம் போட்டிருந்தால் உண்டு. பி.சி.ஜி.யை இங்கே கேட்பதே இல்லை.

தேதிகளைக் கவனியுங்கள். 05-07-2021 என்று நம் அட்டையில் இருந்தால் அது ஜூலை 5. இங்கே மே 7 என்று படிப்பார்கள். முதல் பிறந்தநாளை ஒட்டிய ஊசி என்றால் இந்த ஒரு குழப்பத்திலேயே ஒரு டோஸ் செல்லாமல் போகும். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதி மருத்துவரிடம் கொடுத்து மாநிலப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். எம்.எம்.ஆர்., சின்னம்மை இரண்டும் தேவைப்பட்டால் ஒரே நாளில் போட்டுவிடுங்கள். பிரித்தால் 28 நாள் இடைவெளி விட வேண்டும். முதல் டோஸ் போட்டு அடுத்ததற்கு நாள் வரவில்லை என்றால் நிபந்தனையோடு சேர்த்துக்கொள்வார்கள், பயப்பட வேண்டாம். இன்சூரன்ஸ் இன்னும் வரவில்லை என்றால் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடும் அரசுத் திட்டம் இருக்கிறது, அலமீடா கவுண்டி சுகாதாரத் துறையில் கேட்டால் எந்த கிளினிக் என்று சொல்வார்கள். ஜூலை கடைசியில் எல்லாப் பெற்றோரும் ஒரே சமயத்தில் கூப்பிடுவார்கள், அப்போது அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம். இந்த வாரமே போன் செய்துவிடுங்கள்.